ஒரு பேட்டரி மோட்டார்: சுரண்டும் இடம்தான் முக்கியம்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளில் 26 கேஜ் (கம்பியின் தடிமன் அளவு) எனாமல் கம்பி, அதாவது மின்சாரம் கடத்தாத பூச்சுள்ள செம்புக் கம்பி, துண்டு துண்டாக மிஞ்சும். ஒன்றேகால் மீட்டர் கேட்டு வாங்குங்கள். கூடவே பெரிய டார்ச் பேட்டரி ஒன்று, ஊக்கு இரண்டு, பட்டையான ரப்பர் பேண்ட், காசு அளவு வட்டக் காந்தம், உப்புத்தாள்.

கம்பியைப் பேட்டரி மேலேயே 10 சுற்று சுற்றி உருவுங்கள். இரு நுனியையும் எதிரெதிர்ப் பக்கத்தில் காயிலோடு இரண்டு முறை முறுக்கி, 4 செ.மீ. நேராக நீட்டி விடுங்கள். அதுதான் அச்சு. ஊக்குகளைப் பேட்டரியின் இரு முனையிலும் ரப்பர் பேண்டால் இறுக்கி, காந்தத்தைப் பேட்டரி முதுகில் ஒட்டுங்கள். அச்சு ஊக்கின் வளையங்களில் உட்காரும். காயில் காந்தத்தை உரசாமல், அரை செ.மீ. இடைவெளியில் நிற்க வேண்டும்.

இனி எனாமலைச் சுரண்ட வேண்டும். ஒரு நுனியில் முழுதும், மறு நுனியில் பாதி மட்டும். பலரும் சறுக்குவது இந்தப் பாதியில்தான். காயிலை மேசைமேல் படுக்க வைத்து மேல்புறம் சுரண்டினால் மோட்டார் தடுமாறும். வளையத்தைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, அச்சின் மேல் பாதியை மட்டும் சுரண்டுங்கள்.

காரணம் இது. காந்தப்புலம் கீழிருந்து மேலே போகிறது. காயிலின் அடிக்கம்பியில் மின்னோட்டம் ஒரு திசை, மேல்கம்பியில் எதிர்த்திசை. ஆகவே ஒன்று இடப்பக்கம் தள்ளப்பட்டால் மற்றது வலப்பக்கம் தள்ளப்படும். புலம், மின்னோட்டம், விசை மூன்றின் திசையையும் இடக்கை விரல்களால் காட்டும் ஃபிளெமிங் இடக்கை விதியில் கட்டைவிரல் காட்டுவது இந்தத் தள்ளலைத்தான். காயில் நிமிர்ந்து நிற்கையில் திருகல் அதிகம், படுத்தால் பூஜ்யம். அதைத் தாண்டியும் மின்சாரம் ஓடினால் தள்ளல் பின்னுக்கு இழுக்கும். மிச்சமுள்ள எனாமல் அந்த அரைச் சுற்றில் மின்சாரத்தை நிறுத்திவிடும், வந்த வேகமே காயிலை அதைத் தாண்ட வைத்துவிடும். இரு நுனியையும் முழுதாகச் சுரண்டினால் காயில் ஆடி ஆடி நிற்கும்.

புலம் 0.05 டெஸ்லா (காந்தப்புல அலகு), ஓட்டம் 2 ஆம்பியர், ஒரு சுற்றில் காந்தத்துக்கு நேரே வரும் கம்பி நீளம் 3 செ.மீ., சுற்று 10 என்றால் விசை 0.03 நியூட்டன், அதாவது சுமார் 3 கிராம் எடை. காயில் எடையோ 2 கிராமுக்குள். தாராளமாகச் சுற்றும்.

முதலில் விரலால் மெல்லத் தட்டிவிடுங்கள். அசையவே இல்லையா? செம்பு பளபளக்கும்வரை சுரண்டவில்லை என்று பொருள். துள்ளினால் அச்சு கோணல். காயிலின் மின்தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குதான். பத்து விநாடிக்கு மேல் விட்டால் பேட்டரி சுடும், கழற்றிவிடுங்கள். வீட்டு மின்சாரத்தில் இதைச் செருகவே கூடாது.

காந்தத்தைப் புரட்டினாலோ பேட்டரியைத் திருப்பினாலோ எதிர்த்திசையில் சுற்றும். இரண்டையும் செய்தால் பழைய திசைதான். த்ரீ-பேஸ் பம்ப்செட் மோட்டாரில் நிலைக்காந்தம் கிடையாது. ஸ்டேட்டரில் (அசையாத வெளிப்பகுதி) புலமே சுழன்று, ரோட்டரில் (சுற்றும் உள்பகுதி) மின்னோட்டத்தைத் தூண்டி இழுத்துப் போகிறது. அதனால் அங்கே திசை மாற்ற மூன்று பேஸ் ஒயர்களில் இரண்டை இடம் மாற்றிக் கொடுக்கிறார்கள்.