கால்குலஸ் கணக்கில் மாட்டிக்கொண்டால்: இணையத்தில் உதவி பெறும் வழி, படிப்படியாக

ஒரு நுண்கணிதக் கணக்கு நகர மறுத்தால், பலரும் முதலில் செய்வது அதை அப்படியே ஏதாவது ஒரு தளத்தில் தட்டி, வருகிற விடையை நோட்டில் எழுதிக்கொள்வதுதான். விடை கிடைத்துவிடும். ஆனால் அடுத்த கணக்கிலும் அதே இடத்தில்தான் போய் நிற்போம். விடையைத் தேடுவதற்குப் பதிலாக, நாம் நின்றுபோன வரியைத் தேடினால் இதே தளங்கள் அருமையான ஆசிரியர்களாக மாறிவிடும். அதை எப்படிச் செய்வது என்று ஒரு சின்னக் கணக்கை வைத்துக் காட்டுகிறேன்.

கணக்கு இதுதான்: சைன் எக்ஸையும் காஸ் எக்ஸையும் பெருக்கி, அதைத் தொகையிட வேண்டும். குறியீடுகளைச் சொற்களிலேயே எழுதுகிறேன். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, அவற்றைக் குறியீடாக மாற்றி எழுதியபடியே கூட வாருங்கள்.

படி 1: முதலில் தாளில் போட்டுப் பாருங்கள்

சைன் எக்ஸை யு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் காஸ் எக்ஸ் டிஎக்ஸ் என்பது டியு ஆகிவிடும். யு-வைத் தொகையிட்டால் யு வர்க்கத்தில் பாதி. ஆக, நம் விடை சைன் எக்ஸின் வர்க்கத்தில் பாதி, கூடவே ஒரு மாறிலி. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் அங்கே வேறு விடை இருக்கிறது: காஸ் 2எக்ஸை 4-ஆல் வகுத்து, முன்னால் ஒரு மைனஸ்.

இப்போது "இந்தக் கணக்கு புரியவில்லை" என்று சொல்லாதீர்கள். "பிரதியிடல் முறையில் இந்த விடை வந்தது, புத்தகத்தில் அந்த விடை இருக்கிறது, எங்கே பிசகினேன்?" என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வரிதான் இனி எல்லா இடத்திலும் கை கொடுக்கப் போகிறது.

நின்ற இடத்தைத் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். கால்குலஸ் தவறு என்று நாம் நினைப்பவற்றில் பெரும்பாலானவை உண்மையில் இயற்கணிதத் தவறுகள். அடைப்புக்குறிக்கு முன்னால் இருந்த மைனஸை உள்ளே கொண்டுபோகாமல் விட்டிருப்போம், பின்னத்தைத் தப்பாகச் சுருக்கியிருப்போம். வகையிடலையும் தொகையிடலையும் சந்தேகிக்கும் முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

படி 2: ஒரு கருவியைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும் பதிவிறக்க வேண்டியதில்லை. வரைபடத்துக்கு ஒன்று, குறியீட்டுக் கணக்குக்கு (அதாவது விடையை எண்ணாக அல்லாமல் எக்ஸ் உள்ள சூத்திரமாகவே தருவதற்கு) ஒன்று போதும்.

வரைபடத்துக்கு டெஸ்மாஸ், ஜியோஜீப்ரா இரண்டுமே உலாவியில் இலவசமாகத் திறக்கும். ஜியோஜீப்ராவை மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் தன் ஆய்வுப் படிப்புக்காகத் தொடங்கினார். தொடுகோட்டை நகர்த்தி நகர்த்திப் பார்க்க அதைப் போல எளிதான கருவி எனக்குத் தெரிந்து வேறில்லை.

குறியீட்டுக் கணக்குக்கு, 2009-இல் வந்த உல்ஃப்ரம் ஆல்ஃபா தொடக்கக்காரர்களுக்குச் சுலபம். விடை இலவசம், படிப்படியான விளக்கம் முழுவதும் வேண்டுமானால் கட்டணம் கேட்கும். முற்றிலும் இலவசமாக வேண்டும் என்றால் மேக்ஸிமா இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1960-களின் இறுதியில் தொடங்கிய மேக்சைமா (Macsyma) என்ற பழைய அமைப்பின் வழித்தோன்றல் அது. பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு அதன் சிம்பை (SymPy) தொகுப்பு நன்றாகப் பொருந்தும்.

படி 3: கணக்கைச் சரியாகத் தட்டுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். தாளில் நாம் எழுதுவது ஒன்று, மென்பொருள் படித்துக்கொள்வது வேறொன்று.

அடைப்புக்குறியில் கஞ்சத்தனம் வேண்டாம். 1/2எக்ஸ் என்று தட்டினால், ஒரு மென்பொருள் அதை அரை எக்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். இன்னொன்று 2எக்ஸில் ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். பின்னத்தின் கீழே உள்ள பகுதி முழுவதையும் அடைப்புக்குறிக்குள் போட்டால் குழப்பமே இல்லை. சைனுக்குப் பின்னாலும் எக்ஸை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். வர்க்கம் வேண்டுமானால் அந்த அடைப்புக்குறி மூடிய பிறகு அடுக்குக் குறியைப் போடுங்கள். சைன் எக்ஸின் வர்க்கமும், எக்ஸ் வர்க்கத்தின் சைனும் வேறு வேறு. பெருக்கல் குறியையும் விடாமல் போடுங்கள். மேக்ஸிமாவும் சிம்பையும் அது இல்லாவிட்டால் பிழை காட்டும்.

அடுத்து, கோண அளவு. சைன் 90 என்று தட்டிப் பாருங்கள். 1 வந்தால் கருவி டிகிரியில் இருக்கிறது. 0.894 வந்தால் ரேடியனில் இருக்கிறது. கால்குலஸுக்கு ரேடியன்தான் வேண்டும். சைனின் வகைக்கெழு காஸ் என்ற விதியே ரேடியனில் மட்டும்தான் உண்மை. டிகிரியில் பை/180 என்ற ஒரு காரணி, அதாவது 0.01745, கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். இது தெரியாமல் ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஒரு தொடுகோட்டின் சாய்வோடு நான் போராடியிருக்கிறேன்.

மடக்கைக்கும் இதே மாதிரி ஒரு சோதனை உண்டு. லாக் 10 என்று தட்டுங்கள். 1 வந்தால் அடிமானம் 10. 2.302 என்று தொடங்கினால் அது இயல் மடக்கை. டெஸ்மாஸில் லாக் என்றால் அடிமானம் 10. உல்ஃப்ரம் ஆல்ஃபா, மேக்ஸிமா, சிம்பை மூன்றிலும் இயல் மடக்கை.

மேக்ஸிமாவில் இன்னும் ஒன்று. 2.718 என்ற அந்த மாறிலி 'இ' வேண்டுமென்றால், எழுத்துக்கு முன்னால் சதவீதக் குறி போட வேண்டும். பைக்கும் அப்படித்தான். வெறும் எழுத்தைத் தட்டினால் அது ஏதோ ஒரு பெயர் என்று நினைத்துக்கொள்ளும். இ அடுக்கு எக்ஸை வகையிட்டபோது விடையில் தேவையில்லாமல் லாக் இ தொங்கிக்கொண்டிருந்தால், சதவீதக் குறியை மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

தட்டி முடித்ததும், கணக்கை மென்பொருள் எப்படிப் புரிந்துகொண்டது என்று பாருங்கள். உல்ஃப்ரம் ஆல்ஃபா உள்ளீட்டை அழகாக எழுதி மேலேயே காட்டும். விடைக்குத் தாவும் முன் அதைத் தாளில் உள்ள கணக்கோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

படி 4: விடை வேறு மாதிரி இருந்தால் பதறாதீர்கள்

சரி, நம் கணக்குக்கு வருவோம். சிம்பையில் தட்டினால் சைன் வர்க்கத்தில் பாதி என்று நம் விடையே வருகிறது. மேக்ஸிமாவில் தட்டினால் காஸ் வர்க்கத்தில் பாதி, முன்னால் மைனஸ். புத்தகத்தில் மூன்றாவதாக ஒன்று. யார் சரி?

மூவருமே சரி. வரையறாத தொகையீட்டின் இரண்டு விடைகள் ஒரு மாறிலியால் வேறுபடலாம். சைன் வர்க்கமும் காஸ் வர்க்கமும் சேர்ந்தால் 1 என்பதால், முதல் இரண்டு விடைகளுக்கும் இடையே எப்போதும் சரியாக அரை வித்தியாசம். நம் விடைக்கும் புத்தக விடைக்கும் கால் வித்தியாசம். சிம்பையும் மேக்ஸிமாவும் விடையில் அந்த மாறிலியை எழுதிக் காட்டுவதில்லை. அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

இதைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் ஒரு முறையாவது செய்து பாருங்கள், அந்த மகிழ்ச்சியே தனி.

வரைபடத்தில் இரண்டு விடைகளையும் கழித்துப் போடுங்கள். கிடைக்கோடு வந்தால் இரண்டும் ஒன்றுதான்.

விடையை வகையிட்டுப் பாருங்கள். தொடங்கிய சார்பு திரும்பி வந்தால் விடை சரி. தொகையிடல் கடினமாக இருந்தாலும் அதைச் சரிபார்க்கும் வகையிடல் சுலபம். கால்குலஸ் நமக்குத் தந்திருக்கும் பெரிய வசதி இது.

அல்லது எண்களைப் போடுங்கள். 0 முதல் 1 வரை தொகையிட்டால், சைன் வர்க்க விடையிலிருந்து 0.354 வரும். காஸ் வர்க்க விடையிலிருந்தும், புத்தக விடையிலிருந்தும் அதே 0.354தான்.

படி 5: எப்போது நின்று யோசிக்க வேண்டும்

எக்ஸ் வர்க்கத்தில் ஒன்று என்ற சார்பை −1 முதல் 1 வரை தொகையிடுங்கள். விதிப்படி செய்தால் −2 வருகிறது. ஆனால் அந்தச் சார்பு எங்குமே குறை எண் ஆகாதே, பரப்பு எப்படி −2 ஆகும்? நடுவில் எக்ஸ் = 0 என்ற இடத்தில் அது முடிவிலிக்குப் போகிறது. அந்த இடத்தைத் தாண்டி விதியைப் பயன்படுத்தக் கூடாது. அங்கே உடைத்து இரண்டு பக்கமும் எல்லை எடுத்தால், தொகையீடு விரிகிறது, அதாவது எந்த எண்ணிலும் அடங்காமல் பெருகுகிறது என்று தெரியும். அதனால்தான் வரையறுத்த தொகையீடு எதுவானாலும் முதலில் வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள் என்கிறேன்.

இன்னொரு இடம்: இ அடுக்கு மைனஸ் எக்ஸ் வர்க்கம். இதைத் தொகையிடச் சொன்னால் 'எர்ஃப்' என்று ஏதோ ஒன்று வரும். அது பிழைச் செய்தி இல்லை. நமக்குத் தெரிந்த அடுக்கு, மடக்கை, முக்கோணவியல் சார்புகளை எப்படிச் சேர்த்தாலும் இதற்கு விடை எழுத முடியாது என்பது நிறுவப்பட்ட உண்மை. அதனால் அந்தத் தொகையீட்டுக்கே தனிப் பெயர் வைத்துவிட்டார்கள். இப்படி ஒன்றைக் கண்டால், கேள்வியைத் தப்பாகப் படித்தோமா என்று பாருங்கள். பல சமயம் முன்னால் ஓர் எக்ஸ் பெருக்கலாக இருந்திருக்கும். அது இருந்தால் பிரதியிடலில் இரண்டே வரியில் முடிந்துவிடும்.

−8-இன் கனமூலம் கேட்டு −2-க்குப் பதிலாகச் சிக்கலெண் வந்தாலும் மென்பொருள் கெட்டுப்போகவில்லை. அது முதன்மை மூலத்தை எடுத்திருக்கிறது. உல்ஃப்ரம் ஆல்ஃபாவில் மெய்யெண் மூலத்துக்கு மாற்றிக்கொள்ளும் இணைப்பு அங்கேயே இருக்கும்.

படி 6: மனிதர்களிடம் கேளுங்கள்

இத்தனைக்குப் பிறகும் விளங்கவில்லை என்றால் கேட்கத் தயங்க வேண்டாம். கணிதத்துக்கான ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் போன்ற கேள்வி பதில் தளங்களில் பொறுமையாகப் பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முயற்சி எதுவும் காட்டாமல் கணக்கை மட்டும் ஒட்டினால் கேள்வியை மூடிவிடுவார்கள். அது கோபமல்ல, நீங்கள் எந்த வரியில் நிற்கிறீர்கள் என்று தெரியாமல் அவர்களால் விளக்க முடியாது.

நல்ல கேள்வி இப்படி இருக்கும்: "சைன் எக்ஸ், காஸ் எக்ஸ் பெருக்கலைத் தொகையிட்டேன். யு = சைன் எக்ஸ் என்று பிரதியிட்டு, யு வர்க்கத்தில் பாதி என்று பெற்றேன். புத்தக விடை காஸ் 2எக்ஸில் இருக்கிறது. என் விடையை வகையிட்டால் கேள்வியே திரும்பி வருகிறது. இரண்டு விடைகளும் எப்படிச் சரியாக இருக்க முடியும்?" இதற்கு யாரும் முழுக் கணக்கையும் போட்டுக் காட்டத் தேவையில்லை. மாறிலியை நினைவூட்டினால் போதும்.

கேள்வியைப் படமாக ஒட்டாமல் தட்டி எழுதுங்கள். இத்தகைய தளங்களில் லேடெக் (LaTeX) என்ற, சூத்திரங்களைத் தட்டி எழுதும் முறை செல்லும். சூத்திரத்தின் இரு பக்கமும் டாலர் குறி போட்டால் அழகாக வந்துவிடும். பின்னம், வர்க்கமூலம், தொகையீடு என்று நாலைந்து கட்டளைகள் தெரிந்தால் முதல் ஆண்டுக் கணக்குகளுக்குப் போதும்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடமும் இதே மாதிரி கேட்கலாம். "விடை சொல்" என்று கேட்காமல், உங்கள் வரிகளைக் கொடுத்து "முதல் தவறான வரி எது?" என்று கேளுங்கள். அவை தப்பையும் அதே உறுதியோடு சொல்லும் என்பதால், எந்த விடை வந்தாலும் படி 4-இல் சொன்ன வகையிடல் சோதனையைச் செய்துவிடுங்கள்.

படி 7: மூடிவைத்துவிட்டு மறுபடி போடுங்கள்

விளக்கம் படித்ததும் எல்லாம் புரிந்தது போலவே இருக்கும். மறுநாள் திரையை மூடிவைத்துவிட்டு, வெற்றுத் தாளில் சைன் எக்ஸின் வர்க்கத்தையும் காஸ் எக்ஸையும் பெருக்கித் தொகையிட்டுப் பாருங்கள். அப்புறம் அதே கணக்கில் காஸையும் வர்க்கமாக்கிப் போடுங்கள். முதலாவது நேற்றைய பிரதியிடலிலேயே முடியும். இரண்டாவதில் அந்தப் பிரதியிடல் உதவாது, இரட்டைக் கோணச் சூத்திரத்துக்குப் போக வேண்டும். எந்த வரியில் வழி மாறுகிறது என்று தாளின் ஓரத்தில் குறித்துவைத்துவிட்டு, அதன் பிறகு மென்பொருளைத் திறந்து விடையை ஒப்பிடுங்கள்.