மஃப்ளர் ஏன் கோபுரமாகிறது? குரோஷேயில் ஓரம் கோணாமல் இருக்க

போன மார்கழியில் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு மஃப்ளரோடு வந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை. விடியற்காலைப் பஸ்ஸில் காதை மூடிக்கொள்ள அவளே குரோஷேயில், அதாவது முனையில் கொக்கி உள்ள ஊசியால், பின்னிக்கொண்டிருந்தது. கீழே அகலமாக ஆரம்பித்து, மேலே போகப் போகக் கோபுரம் மாதிரி ஒடுங்கியிருந்தது. "நூலை இழுத்துப் பிடிச்சிட்டேன் போலக்கா" என்றாள்.

இழுப்பில் ஒரு குறையும் இல்லை. கண்ணிகள் ஒரே சீராகத்தான் இருந்தன. (பூக்கட்டும்போது சொல்கிற மாதிரி, ஒவ்வொரு தையலையும் நான் கண்ணி என்றே சொல்லிக்கொடுக்கிறேன்.) எண்ணிப் பார்த்தோம். முதல் வரிசையில் 30, ஒன்பதாவது வரிசையில் 22. வரிசைக்கு ஒன்று வீதம் எட்டுக் கண்ணி காணாமல் போயிருந்தது. இப்படிக் கணக்காகக் குறைகிறதென்றால் கை நடுங்கியதாலோ பழக்கம் போதாததாலோ அல்ல. ஒரே தவறு ஒவ்வொரு வரிசையிலும் நடக்கிறது. அநேகமாக அது வரிசையின் முதல் கண்ணியிலோ கடைசிக் கண்ணியிலோதான் இருக்கும். நடுவில் யாரும் அவ்வளவாகத் தவறுவதில்லை.

டபுள் குரோஷே என்பது ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போடும் உயரமான கண்ணி. அதில் ஒரு வரிசை முடிந்து துணியைத் திருப்பியதும் மூன்று செயின் (சங்கிலி மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக இழுக்கும் வளையங்கள்) போட்டு மேலே ஏறுகிறோம். அந்த மூன்று செயினும் சேர்ந்து ஒரு கண்ணி. அதனால் அதன் காலடியில் இருக்கும் கண்ணியை விட்டுவிட்டு, அடுத்ததில்தான் ஊசியை நுழைக்க வேண்டும். வரிசை முடியும்போது, போன வரிசையில் ஏறிய மூன்று செயினின் உச்சியிலும் ஒரு கண்ணி போட வேண்டும். அந்தப் பெண் விட்டது இந்த உச்சியைத்தான். வரிசைக்கு வரிசை துணியைத் திருப்புகிறோம் இல்லையா, அதனால் ஒரு தடவை இடது பக்கம் குறையும், அடுத்த தடவை வலது பக்கம் குறையும். இரண்டு ஓரமும் உள்ளே சாய்ந்து கோபுரமாகிவிடும்.

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த உச்சி கண்ணுக்கு எளிதில் தெரியாது. மற்றக் கண்ணிகளைவிட மெலிந்து, கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். நான் சொல்லும் வழி இதுதான்: மூன்றாவது செயினைப் போட்ட கையோடு அதில் ஓர் ஊக்கை மாட்டிவிடுங்கள். அடுத்த வரிசையின் முடிவில் ஊக்கு எங்கே தொங்குகிறதோ அங்கே ஊசியை நுழையுங்கள். இரண்டு இழைகளுக்கு அடியில் நுழைய வேண்டும். ஒற்றை இழையில் குத்தினால் ஓரத்தில் ஓட்டை விழும்.

விரிந்துகொண்டே போகிறதா? அப்படியானால் மூன்று செயினையும் ஒரு கண்ணியாகக் கணக்கில் வைத்துக்கொண்டு, அதன் காலடியிலும் இன்னொன்று போடுகிறீர்கள். சிலர் இரண்டு தவறையும் சேர்த்துச் செய்வார்கள். ஆரம்பத்தில் ஒன்று கூடும், முடிவில் ஒன்று குறையும். எண்ணினால் 30 சரியாக இருக்கும், ஓரம் மட்டும் ரம்பப் பல் மாதிரி நிற்கும். ஆகவே எண்ணிக்கை சரி என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

நூலைச் சுற்றாமல் போடும் குட்டைக் கண்ணியான சிங்கிள் குரோஷேயில் சட்டம் வேறு. ஏறுவதற்கு ஒரே ஒரு செயின், அது கண்ணிக் கணக்கில் வராது. முதல் கண்ணியிலேயே ஊசியை நுழைக்கலாம். வரிசை முடிவில் அந்த ஒற்றைச் செயினில் மட்டும் எதுவும் போடக் கூடாது.

இங்கே ஒரு குழப்பம் வரும். பிரிட்டிஷ் புத்தகங்களில் டபுள் குரோஷே என்றிருந்தால் அது அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே. அமெரிக்க டபுளை அவர்கள் ட்ரெபிள் என்பார்கள். நான் இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கப் பெயர். அப்புறம், வீடியோவில் சொல்லித்தருபவர்களில் சிலர் டபுளுக்கு இரண்டே செயின் போட்டு, அதைக் கணக்கில் சேர்க்காமல் முதல் கண்ணியிலிருந்தே ஆரம்பிப்பார்கள். ஓரத்தில் இடைவெளி குறைவாக விழுவதால் எனக்கும் அதுதான் பிடிக்கும். எந்த முறையானாலும் சரி, ஒரு துணி முடியும்வரை அதை மாற்றாதீர்கள். பாதியில் வேறு வீடியோ பார்த்து முறையை மாற்றியதால் கோணிப்போன துணிகள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன.

முதல் வரிசைக்கு அடியாகப் போடும் அடிச் செயினிலேயே கணக்குத் தப்புவதும் உண்டு. முதல் முடிச்சையும் ஊசியில் நிற்கும் வளையத்தையும் எண்ணக் கூடாது. 20 சிங்கிள் வேண்டுமானால் 21 செயின் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவதில் ஆரம்பியுங்கள். மூன்று செயினைக் கணக்கில் சேர்க்கும் முறையில் 20 டபுள் வேண்டுமானால் 22 செயின், நான்காவதில் ஆரம்பம். நீளமான விரிப்பு என்றால் பத்துச் செயினுக்கு ஒரு வேற்று நிற நூலைக் கட்டிக்கொள்ளுங்கள். புள்ளி வைத்துவிட்டுக் கோலம் போடுகிற நமக்கு இது புதிதல்ல.

எண்ணிக்கை எல்லா வரிசையிலும் ஒன்றாக இருந்தும் அடி மட்டும் சுருங்கியிருந்தால், அடிச் செயின் இறுகிவிட்டது என்று அர்த்தம். 4 மி.மீ. ஊசியில் பின்னுகிறவர்கள் அடிச் செயினை மட்டும் 5 மி.மீ. ஊசியில் போடலாம். பூக்கட்டிப் பழகிய கைக்கு நாரை இறுக்குகிற பழக்கம் போகாது. அவர்களுக்கு இது நன்றாக உதவுகிறது.

தவறு கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? ஒரு கண்ணி மட்டும் குறைந்து, அது பல வரிசைக்குக் கீழே இருந்தால், இப்போதைய வரிசையின் நடுவில் ஒரே கண்ணியில் இரண்டு போட்டு ஈடுகட்டுங்கள், வெளியே தெரியாது. எட்டுக் கண்ணி குறைந்ததைப் பிரிக்கத்தான் வேண்டும். கடைசியாகச் சரியாக இருந்த வரிசையில் ஊக்கை மாட்டிவிட்டு அதுவரை பிரியுங்கள். அந்தப் பெண் முதல் வரிசைவரை பிரித்தாள். அடுத்த ஐந்து வரிசைக்கு ஒவ்வொரு முடிவிலும் எண்ணினாள். கை பழகிய பிறகு நான்கு வரிசைக்கு ஒரு தடவை போதும் என்றேன்.

ஓரத்தில் மிஞ்சும் சின்ன மேடுபள்ளத்துக்குச் சுற்றிலும் சிங்கிள் பார்டர் போடலாம். பக்கவாட்டில் டபுள் வரிசை ஒன்றுக்கு இரண்டு, சிங்கிள் வரிசை ஒன்றுக்கு ஒன்று, மூலையில் மூன்று. பருத்தி நூலாக இருந்தால் முடிந்ததும் நனைத்துப் பிழிந்து, தெர்மோகோல் பலகையில் நேராக இழுத்துக் குண்டூசி குத்திக் காயவிடுங்கள். கடையில் உல்லன் என்று கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அதில் சூடான அயர்ன் பாக்ஸை நேராக வைக்காதீர்கள், நூல் உருகித் துணி தொளதொளவென்று ஆகிவிடும்.