தாத்தாவின் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் முதல் ஃபிலிம் போடும் முன்

பெரியவர்கள் விட்டுச்சென்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா (வியூஃபைண்டரின் நடுக்கட்டத்தில் தெரியும் இரண்டு பிம்பங்களை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் செய்யும் ஃபிலிம் கேமரா) கைக்கு வந்ததும் பின்கதவைத் திறந்து பார்க்கத் தோன்றும். திறக்காதீர்கள். உள்ளே பாதி எடுத்த ஃபிலிம் இருக்கலாம். மேலே இடப்பக்கமுள்ள ரீவைண்டு கைப்பிடியை அம்புக்குறி காட்டும் பக்கம் மெல்லச் சுற்றுங்கள். சில சுற்றுகளில் இறுக்கம் தட்டினால் ஃபிலிம் இருக்கிறது. அடியிலுள்ள சிறு பொத்தானை அழுத்திவிட்டு, கைப்பிடி லேசாகச் சுழலும்வரை சுற்றி முடியுங்கள். கழுவக் கொடுக்கும்போது பல வருடப் பழைய ஃபிலிம் என்று சொல்லுங்கள். வேறெங்கும் பிரதியில்லாத குடும்பப் படம் அதில் இருக்கக்கூடும்.

இனி கேமராவைச் சோதிக்கலாம். 1972இல் வந்த கேனன் கேனோனெட் க்யூஎல்17 ஜி-3 மாடலை வைத்துச் சொல்கிறோம். ஷட்டர் பொத்தான் அழுந்தவே மாட்டேன் என்கிறதா? பழுது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். லென்ஸ் துவாரத்தின் அளவை மாற்றும் அபெர்ச்சர் வளையம் 'ஏ'யில் (தானியங்கி நிலையில்) இருந்து, பேட்டரி செத்திருந்தால் பொத்தான் பூட்டிக்கொள்ளும். வளையத்தை எஃப் 1.7க்குத் திருப்புங்கள். பேட்டரி இல்லாமலே 1/4 முதல் 1/500 நொடி வரை எல்லா ஷட்டர் வேகமும் வேலை செய்ய வேண்டும். யாஷிகா எலெக்ட்ரோ 35 அப்படியல்ல, பேட்டரி இல்லாவிட்டால் அதில் ஒரே வேகம்தான்.

பின்கதவைத் திறந்து வெளிச்சத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு வேகத்திலும் அழுத்திப் பாருங்கள். ஷட்டர் இதழ்கள் ஒட்டிக்கொண்டாலோ, மெதுவாக மூடினாலோ அவற்றில் எண்ணெய் படிந்திருக்கிறது. சொட்டு மருந்துபோல எதையும் ஊற்றாதீர்கள், அது லென்ஸுக்குள் பரவும். பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். செல்ஃப் டைமரைத் தொடாமல் விடுவது நல்லது, பழைய கேமராக்களில் அது பாதியில் நின்று ஷட்டரையும் நிறுத்திவிடும்.

ஃபோகஸ் சரியா என்று பார்க்கப் பினாங்கில் கொம்தார் கோபுரம் வசதி. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நின்று, லென்ஸை முடிவிலிக் குறியில் (∞) வைத்து வியூஃபைண்டரில் பாருங்கள். நடுக்கட்டத்தில் கோபுரத்தின் ஓரம் இரண்டாகத் தெரிந்தால் ரேஞ்ச்ஃபைண்டர் விலகியிருக்கிறது, அந்த நிலையில் எடுக்கும் படங்களில் ஃபோகஸ் தவறும்.

பின்கதவு ஓரத்து நுரைப்பட்டை நம் ஊர் ஈரத்தில் கருப்புப் பிசினாகியிருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுங்கள், துணுக்கு ஷட்டர் பக்கம் விழக்கூடாது. அந்தக் காடியில் கருப்புக் கம்பளி நூலை வைத்தாலே வெளிச்சக் கசிவு நிற்கும்.

பழைய 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் கேமராவின் ஒளிமீட்டர் வெளிச்சத்தை அதிகமாகக் காட்டும், படம் இருண்டுபோகும். காதுகேட்கும் கருவிக்கான 675 ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட் தரும், குழியில் ஆடாமலிருக்க ஒரு ரப்பர் வளையம் போதும். ஆனால் முதல் ரோலுக்கு மீட்டரை மறந்துவிடுவதே எங்கள் பரிந்துரை. ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளியுணர்வு அளவு) 200 கலர் நெகட்டிவ் ஃபிலிம், வேகம் 1/250. உச்சி வெயிலில் எஃப் 16, மேகம் மறைத்தால் எஃப் 8, மார்க்கெட் ஸ்ட்ரீட் கடைவீடுகளின் ஐந்தடி நடையில் (கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையில்) எஃப் 4, நடை இன்னும் இருட்டாக இருந்தால் வேகத்தை 1/60க்கு இறக்குங்கள். சந்தேகம் வந்தால் லென்ஸை ஒரு படி கூடுதலாகத் திறங்கள் (எஃப் எண் ஒரு படி சிறிதாகும்), நெகட்டிவ் அதைத் தாங்கும், குறைவைத் தாங்காது.

ஃபிலிமின் நுனியைச் சிவப்புக் குறிவரை இழுத்து வைத்துக் கதவை மூடுங்கள். ஃபிலிமை முன்னேற்றும் நெம்புகோலை நகர்த்தும்போது ரீவைண்டு குமிழும் சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஃபிலிம் பிடிக்கவில்லை, ரோல் முழுதும் வெறுமையாகவே வரும். வியூஃபைண்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை என்பதால் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே எடுத்தாலும் உங்களுக்குத் தெரியாது. ரோல் முடிந்து நெம்புகோல் இறுகினால் வலுக்கட்டாயமாகத் தள்ளாதீர்கள், ஃபிலிம் கிழியும்.

லென்ஸ் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோன்ற இழைகள் தெரிந்தால் பூஞ்சை. நாள்பட்டால் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும், அதன்பின் துடைத்தாலும் தடம் போகாது. கூடவே வந்த தோல் உறையில் கேமராவை வைக்காதீர்கள், ஈரம் அதில்தான் தங்கும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கும் டிரை பாக்ஸில் வையுங்கள். ஏர்கான் அறையிலிருந்து வெளியே எடுக்கும்போது மூடிய பிளாஸ்டிக் பையிலேயே அரைமணி நேரம் விட்டு, பிறகு திறங்கள்.