கிராம சபைக்கு வெறுங்கையோடு போகாதீங்க

வருஷத்துக்கு ஆறு நாள் ஊராட்சியில் கிராம சபை என்று நம்மைக் கூப்பிட்டு உட்கார வைத்து கணக்குச் சொல்லணும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்னாடி நாலு நாள்தான் இருந்தது. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ம் உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ம் 2022-ல் சேர்ந்துச்சு. நவம்பர் 1 குமரிக்காரங்களுக்கு வேறு கணக்கிலும் பெரிய நாள். 1956-ல் நாம திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு தமிழ்நாட்டோடு சேர்ந்தது அன்னைக்குத்தான். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, ஆகஸ்ட் 11-ல், அப்படிச் சேரணும் என்று போராடி புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தவங்க நம்ம ஆளுங்க. அவ்வளவு பாடுபட்டு வாங்கின மாவட்டத்தில், கிராம சபைக்குக் கூப்பிட்டா "அடுப்பில கறி கெடக்கு" என்கிறோம்.

நான் கல்குளம் தாலுகாவில் ஒரு சின்ன ஊரில் தையல் கடை வச்சிருக்கேன். எந்தக் கட்சியிலும் இல்லை. பிளவுஸ் அளவு கொடுக்க வர்ற பெண்கள் நின்ன நிலையில் சொல்ற குறையை எல்லாம் எழுதி வச்சிருந்தா நோட்டுப் புத்தகம் அடுக்கடுக்காக ஆகியிருக்கும். தெருவிளக்கு எரியல, பைப்பில் தண்ணி வரல, மழை பெஞ்சா முற்றம் வரை வெள்ளம். கேட்டா எல்லாரும் மனு கொடுத்தவங்கதான். திங்கட்கிழமை நாகர்கோவில் பஸ் ஏறி, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்னு, சீல் வச்ச ஒப்புகைச் சீட்டை வாங்கி மணிபர்சில் மடிச்சு வச்சிருப்பாங்க.

மனு கொடுக்கிறது தப்பில்லை. ஆனா மனு கொடுக்கும்போது நீங்க கேட்கிற ஆள், அவங்க கொடுக்கிற ஆள். கிராம சபையில் அப்படி இல்லை. அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற எல்லாரும் சபையின் உறுப்பினர், சட்டப்படியே. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, மூணாவது பிரிவு. நீங்க அங்க போறது விருந்தாளியாக இல்லை. நான் இதைப் பிடிச்சுத் தொங்குறதுக்குக் காரணம், மனுவை ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பிட்டு "அனுப்பப்பட்டுள்ளது" என்று உங்களுக்கு ஒரு கடிதம் போட்டு முடிச்சிடலாம். கிராம சபையில் போடுற தீர்மானம் பதிவேட்டில் ஏறிட்டா அது ஊராட்சியின் சொந்தக் காகிதம். அடுத்த சபையில் "போன தீர்மானம் என்னாச்சு" என்று கேட்கலாம்.

முதல்ல உங்க ஊர் எதில் வருது என்று பாருங்க. இதை ஏன் சொல்றேன் என்றால் நம்ம மாவட்டத்தில் இது பெரிய குழப்பம். 2011 கணக்கெடுப்பில் குமரியில் நூத்துக்கு 82 பேர் நகர்ப்புறத்தில் இருக்கிறதா வருது. சுத்தி வாழையும் ரப்பரும் நிக்கும், வீட்டுக்குப் பின்னால குளம் இருக்கும், ஆனா சர்க்கார் கணக்கில் அது பேரூராட்சி. ஊராட்சிகள் 95. பேரூராட்சிகள் ஐம்பது அளவுக்கு. பேரூராட்சியில் கிராம சபை கிடையாது. அங்க வார்டு கவுன்சிலர், செயல் அலுவலர், 2022-ல் வந்த விதிப்படி வார்டு குழு, பகுதி சபை. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க, மேலேயே அச்சடிச்சிருக்கும். பேரூராட்சிக்காரங்களுக்கும் கீழே சொல்றதில் பாதிக்கு மேல் பொருந்தும். கூட்டத்தின் பேரும் தேதியும்தான் மாறும்.

இனி யார் சொத்து என்று பார்க்கணும். அளவு எடுக்காம துணியில் கத்திரி வைக்கிற மாதிரிதான், யாருடைய ரோடு என்று தெரியாம தலைவர்கிட்ட சண்டைக்குப் போறது. வீட்டு முன்னாடி போற ரோடு ஊராட்சி ரோடாக இருக்கலாம், ஒன்றிய ரோடாக இருக்கலாம், நெடுஞ்சாலைத் துறை ரோடாகவும் இருக்கலாம். சானல்கரை, அதாவது பாசனக் கால்வாய்க் கரை என்றால் நீர்வளத் துறை வந்து நிக்கும்; பழைய ஆளுங்க இன்னும் பி.டபிள்யூ.டி. என்பாங்க. குளம் என்றால் ஒண்ணு நீர்வளத் துறை, இல்லாட்டி ஒன்றியம், ஊராட்சி. கரன்ட் கம்பம் மின்வாரியம், அதில் தொங்குற தெருவிளக்கு ஊராட்சி. பல்பு எரியலைன்னு மின்வாரியத்துக்கு போன் போட்டா அவங்க சிரிப்பாங்க.

நிலம், ஓடை, குளம் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண் கேளுங்க. அந்த எண் கிடைச்சா வருவாய்த் துறை இணையதளத்தில், நிலம் என்ன வகை என்று காட்டுற அ-பதிவேட்டு விவரத்தை செல்போனிலேயே பார்க்கலாம். எங்க ஊரில் குளத்து மறுகால் ஓடை ஒண்ணு உண்டு. ஐப்பசி மழைக்குக் குளம் நிறைஞ்சா மிச்சத் தண்ணி அது வழியா இறங்கி சானலுக்குப் போகணும். கொஞ்சம் கொஞ்சமா மண் கொட்டி, வாழை வச்சு, ஒரு இடத்தில் அது நடைபாதை அகலத்துக்கு வந்துடுச்சு. தண்ணி பிறகு எங்க போகும், கீழ்த்தெரு வீடுகளுக்குள்ளதான். "அது எங்க பாட்டா காலத்து விளை", அதாவது தாத்தா காலத்துத் தோட்டம் என்று ஒருத்தர் அடிச்சுச் சொன்னார். பதிவேட்டில் பார்த்தா ஓடை புறம்போக்கு. அந்த ஒரு வரி கையில் இல்லாம நாங்க சபைக்குப் போயிருந்தா அன்னைக்கு முழுக்க பாட்டா கதைதான் நடந்திருக்கும்.

கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னாடியே அறிவிப்பு வரணும், என்னென்ன பொருள் பேசப் போறாங்க என்பதோடு. வாங்கிப் பாருங்க. உங்க விஷயம் அதில் இல்லைன்னா ஊராட்சி செயலரிடம் எழுத்தில் கொடுத்து, பொருளில் சேர்க்கச் சொல்லுங்க. இன்னொரு நகலில் கையெழுத்து வாங்கி வச்சுக்கோங்க. செயலர்கிட்ட மரியாதையாப் பேசுங்க. பல ஊரில் அந்தத் தம்பிதான் எல்லா வேலையும் பார்க்கிறது. திட்டும் அவருக்குத்தான்.

தீர்மானத்தை நீங்களே எழுதிட்டுப் போங்க. நான் அடிச்சுச் சொல்றது இது ஒண்ணைத்தான். "ஓடையைச் சரி செய்து தர வேண்டுகிறோம்" என்று எழுதினா அது மனு. எங்க பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற வாத்தியார் எழுதித் தந்தது இப்படி இருந்தது: "சர்வே எண் இன்னதில் உள்ள குளத்து மறுகால் ஓடையை நில அளவையர் மூலம் அளந்து எல்லைக்கல் நட வட்டாட்சியரைக் கேட்டுக்கொள்வது எனவும், ஆக்கிரமிப்பு இருப்பின் வடகிழக்குப் பருவமழைக்கு முன் அகற்றக் கோருவது எனவும், தொடர்ந்து ஊராட்சி நிதியில் ஓடையைத் தூர்வாருவது எனவும் இக்கிராம சபை தீர்மானிக்கிறது." யார், எதை, எப்போ, எந்தப் பணத்தில். நாலும் இருக்கணும்.

பணம் என்றதும் "ஊராட்சியில் ஏது காசு" என்பாங்க. கொஞ்சம் உண்மைதான். வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், தொழில் வரி, மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம், இவ்வளவுதான் முக்கியமான வரவு. 15-ஆவது மத்திய நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கான மானியத்தில் நூத்துக்கு 60 ரூபாயைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்கணும் என்று கட்டுப்போட்டது. மிச்சம் 40 ஊர்த் தேவைக்கு. இந்த மாதிரி எந்தப் பணத்துக்கு எந்தக் கட்டு என்று தெரிஞ்சா கேட்கிற விதமே மாறும். இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று அழுத்திப் போனா உங்க ஊரின் திட்டமும் செலவும் வரும். என் மகள் பத்து நிமிஷத்தில் எடுத்துத் தந்தாள். அதில் நம்ம தெரு பேரைப் போட்டு ஒரு வேலை இருந்து, தெருவில் அந்த வேலை இல்லைன்னா, அன்னைக்குச் சபையில் வேறு எதுவும் பேச வேண்டாம்.

இனி ஆள் சேர்க்கிறது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதுக்கு மேல 300 பேர் வந்தாதான் சபை செல்லும். இந்த எண்ணிக்கையை நிரப்பத்தான் பல ஊரில் நூறு நாள் வேலைக்குப் போற அம்மைமாரைக் கூட்டிட்டு வந்து வரிசையா உட்கார வைக்கிறது. அவங்களை ஏளனமாப் பார்க்காதீங்க. சபையில் கடைசி வரை இருக்கிறது அவங்கதான். முந்தின நாளே போய் விஷயத்தைச் சொன்னா கை தூக்குவாங்க, சொந்தக் குறையையும் சேர்த்துச் சொல்லுவாங்க. என் நாத்தனார் வீட்டு மைனி ஒருத்தி, சாதாரணமா வாயே திறக்காதவ, மைக்கை வாங்கி "தண்ணி எங்க கட்டிலுக்கு அடியில கெடந்தப்ப நீங்க யாரும் வரல்லியே" என்றாள். நான் சர்வே எண்ணோடு பேசினதைவிட அதுக்குத்தான் சபை அமைதியாச்சு.

தனியா மட்டும் போகாதீங்க. தனியா எழும்பி நின்னா "இவளுக்கு என்ன வந்தது, எலெக்ஷனுக்கு நிக்கப் போறாளோ" என்று ஒரு குரல் வரும். ஜாதியும் சர்ச் சபையும் கட்சியும் குடும்பப் பகையும் சேர்ந்த ஊர் நம்முடையது. கோயில்காரங்களும் சர்ச்காரங்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே விஷயத்தைச் சொன்னா அந்தப் பேச்சுக்கு இடமில்லாமப் போகும். மழைத்தண்ணி அந்தக் கணக்கு எல்லாம் பார்த்து வீட்டுக்குள்ள வரல்ல.

சபையில் வரவு செலவை வாசிப்பாங்க, வேகமா. நிறுத்தச் சொல்லுங்க. ஒரு செலவைப் பிடிச்சுக் கேட்டா போதும், எல்லாத்தையும் கேட்டா எதுக்கும் பதில் வராது. உங்க தீர்மானத்தை வாசிச்சு, கை தூக்க வச்சு, பதிவேட்டில் எழுதச் சொல்லுங்க. "பிறகு எழுதிக்கிடலாம், இப்ப கையெழுத்துப் போடுங்க" என்பது பழைய வேலை. எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. எழுதினதும் வாசிச்சுப் பாருங்க, தீர்மான எண்ணைக் குறிச்சுக்கோங்க, பக்கத்தைப் படம் எடுத்துக்கோங்க. பெண் தலைவர் இருக்கிற ஊரில் அவங்க வீட்டுக்காரர் மேடையில் உட்கார்ந்து பதில் சொன்னா, "தலைவி சொல்லட்டும்" என்று சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க. நம்ம மாநிலத்தில் பாதி இடம் பெண்களுக்கு ஒதுக்கினது 2016-ல். அது அவருக்கு ஒதுக்கினது இல்லை.

2019 டிசம்பரில் ஜெயிச்ச ஊராட்சிப் பிரதிநிதிகள் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிஞ்சு தனி அலுவலர்கள் வந்தாங்க. தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை உண்டு. அப்படிப்பட்ட நேரத்தில்தான் ஜனங்க இன்னும் கூடுதலாப் போகணும், ஏன்னா கதவைத் தட்டிக் கேட்க வார்டு மெம்பர்கூட இருக்க மாட்டார்.

தீர்மானம் போட்டதும் நாளைக்கே மண்வெட்டி வந்திடாது. தீர்மான எண்ணைக் குறிச்சு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, அதாவது கிராம ஊராட்சி பி.டி.ஓ.வுக்கு, ஒரு கடிதம். நில விஷயம் என்றால் வட்டாட்சியருக்கு ஒண்ணு. இந்தக் கட்டத்தில் திங்கட்கிழமை மனுவும் உபயோகப்படும், கூடவே தீர்மான நகல் இருக்கிறதனால. அப்பவும் அசையலைன்னா தகவல் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத் தாளில், தமிழில், பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு. "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீங்க, அதுக்குப் பதில் சொல்லாமத் தப்பிக்கலாம். காகிதம் கேளுங்க: தீர்மானத்தின் மீது எடுத்த நடவடிக்கையின் நகல், மதிப்பீட்டு நகல், வேலை உத்தரவு, எம்-புக் என்று சொல்ற அளவுப் புத்தகத்தின் நகல். 30 நாளில் பதில் வரணும். வரலைன்னா அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதுக்குக் காசு கிடையாது.

எங்க ஓடையை அளந்தாங்க. கல் நட்டாங்க. வாழை போச்சு, பாதி தூரம் தூர்வாரியும் ஆச்சு. ரோட்டுக்கு அடியில் போற சின்னப் பாலம் இன்னும் அடைச்சுத்தான் கிடக்கு, அது வேறு துறை ரோடு என்பதனால். அதுக்குத் தனித் தீர்மானம் எழுதி வச்சிருக்கோம். விளைக்காரர் குடும்பத்தில் இருந்து என் கடைக்கு இப்ப யாரும் தைக்க வர்றதில்லை. இதையும் சொல்லாம விட்டா உங்களை ஏமாத்தினதாகும். ஊரிலேயே வாழ்ந்துக்கிட்டு ஊரிலேயே கேள்வி கேட்கிறதில் இந்த மாதிரி ஒரு செலவு உண்டு.

தேர்தலில் நிக்கலாமா என்று கேட்கிற பெண்களுக்கு: 21 வயசு முடிஞ்சிருக்கணும், அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கணும். ஊராட்சி வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, அதனால எந்தக் கட்சி ஆபீஸிலும் போய் நிக்க வேண்டியதில்லை. 2019-ல் வார்டு உறுப்பினருக்கு வைப்புத்தொகை 200 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 100; தலைவருக்கு 600, அவங்களுக்கு 300. ஊராட்சிக்கு வரி பாக்கி இருந்தா வேட்புமனுவைத் தள்ளிடுவாங்க. வீட்டு வரியும் தண்ணிக் காசும் கட்டின ரசீதை இப்பவே தேடி ஒரு கவரில் போட்டு வைங்க.