பொம்மைக்குக் கை முளைக்க: ஓரத்திலிருந்து கண்ணி எடுப்பது எப்படி?

நிட்டிங்கில் பொம்மை பின்னும்போது, உடம்பு முடிந்ததும் ‘ஓரத்தில் 12 கண்ணி எடுக்கவும்’ என்று குறிப்பில் ஒற்றை வரி வரும். புதியவர்கள் பலர் திகைத்து நிற்பது இங்கேதான். ஊசியில்தான் கண்ணியே (நூல் வளையமே) இல்லையே, எதை எடுப்பது? பின்னி முடித்த ஓரத்தில் ஊசியை நுழைத்து, நூலை இழுத்துப் புதுக் கண்ணிகளை உண்டாக்க வேண்டும், அவ்வளவுதான். கையைத் தனியாகப் பின்னித் தைக்கும் வேலை மிச்சம்.

1. உடம்புக்குள் பஞ்சு அடைக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். நல்ல பக்கம் (வெளியே தெரியும் பக்கம்) உங்களைப் பார்த்து இருக்கட்டும். வலது கோடியில் தொடங்குங்கள். நூல் நுனியை ஒரு சாண் நீளம் விட்டுவையுங்கள்.

2. ஊசி நுழையும் இடம்தான் முக்கியம். விளிம்பில் தளர்ந்து நிற்கும் ஒற்றை இழையில் நுழைத்தால் அது இழுபட்டு ஓட்டையாகிவிடும். சட்டையில் அது கண்ணில் படாமல் போகலாம், பொம்மையிலோ பஞ்சு எட்டிப் பார்க்கும். பக்கவாட்டு ஓரத்தை லேசாக விரித்துப் பாருங்கள்: முதல் கண்ணிக்கும் இரண்டாவது கண்ணிக்கும் நடுவே ஏணிப்படி மாதிரி குறுக்கு இழைகள் தெரியும். அந்தப் படிகளுக்கு இடையில் ஊசியை நுழையுங்கள். கண்ணிகளை அடைத்து முடித்த ஓரம் என்றால், அதற்குச் சற்றுக் கீழே உள்ள கண்ணியின் நடுவில்.

3. பின்னால் இருக்கும் நூலை ஊசி நுனியில் சுற்றி முன்பக்கம் இழுங்கள். ஒரு கண்ணி தயார். பொம்மைக்கு இறுக்கமாகப் பின்னுவதால் ஊசி சிரமப்படுத்தும். குரோஷா ஊசியால் இழுத்து மாட்டிக்கொள்வது எனக்கு எளிது.

4. சரி, எத்தனை எடுப்பது? முடித்த ஓரத்தில் கண்ணிக்கு ஒன்று. பக்கவாட்டு ஓரத்தில் அப்படி வரிசைக்கு ஒன்று எடுத்தால் கை அலை அலையாக நெளியும். வழுவழு பின்னலில் (ஸ்டாக்கினெட், முன்பக்கம் V வடிவமாகத் தெரிவது) கண்ணியின் அகலம் உயரத்தைவிட அதிகம், அதனால் 4 வரிசைக்கு 3 கண்ணி போதும்: மூன்று எடுத்து ஒன்றை விடுங்கள். மேடு மேடான பின்னலில் (கார்ட்டர்) ஒரு மேட்டுக்கு ஒன்று. குறிப்பில் எண் இருந்தால் அதுதான் கணக்கு. ஓரத்தை நான்காகப் பிரித்து ஊக்கு குத்திவிட்டால், 12 கண்ணிக்குப் பகுதிக்கு 3.

5. அக்குள் மூலையில் இடைவெளி விழும். அங்கே கூடுதலாக ஒரு கண்ணி எடுத்து, அடுத்த சுற்றில் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னிவிடுங்கள். அப்புறமும் ஓட்டை தெரிந்தால், முதலில் விட்டுவைத்த நூல் நுனியால் உள்பக்கமாக இரண்டு தையல் போடுங்கள்.