கர்ப்பப்பை எடுத்த பிறகு வேலைக்கும் பயணத்துக்கும்

வயிற்றைத் திறந்து செய்த அறுவை சிகிச்சை என்றால் வேலைக்குத் திரும்ப 6 முதல் 8 வாரம் ஆகலாம். லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே செய்வது) என்றால், உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு 2 முதல் 4 வாரத்தில் போகிறவர்கள் உண்டு. வெளியே தழும்பு ஆறியதைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்தையல் ஆற நாளாகும். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் பக்கமே போகாதீர்கள். முடிந்தால் முதல் வாரம் அரை நாள் வேலை கேளுங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு வரும் அசதி சும்மா வருவதில்லை.

பஸ்ஸில் பின் சீட் வேண்டவே வேண்டாம், குலுக்கி எடுத்துவிடும். ரயில்தான் வசதி. 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கு லோயர் பெர்த் கோட்டா இருக்கிறது, முன்பதிவில் அதைத் தேர்ந்தெடுங்கள். காரில் சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே சின்னத் தலையணை வையுங்கள். மணிக்கொரு முறை எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள்; காலில் ரத்தம் கட்டாமல் இருக்க அது முக்கியம். பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது நம் பழக்கம், இப்போது கூடாது.

அப்புறம், கெண்டைக்கால் வீக்கம், காய்ச்சல், ஒரு மணி நேரத்தில் நாப்கின் நனையும் உதிரப்போக்கு இருந்தால் பயணத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் உடனே 108.