காராங்குனிக்குப் போகவிருந்த கணினியிலிருந்து கோப்புகளை மீட்டது எப்படி?

சிங்கப்பூர் ஈசூனில் மாமா வீடு மாறுகிறார். பாம் ஷெல்டரில், அதாவது வீட்டுக்குள் இருக்கும் குண்டுவீச்சுப் பதுங்கறையில், அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடந்த பழைய மேசைக் கணினியை மாமி, பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் தள்ளிவிடப் பார்த்தார். "அதுலதான்டா கோயில் நாடகமெல்லாம் இருக்கு" என்று மாமா பதறிப்போய் எனக்குப் போன் போட்டார். 2003இல் வாங்கிய பெட்டி. பவர் பொத்தானை அழுத்தினால் மூச்சுப் பேச்சில்லை. கோப்புகளை வெளியே எடுக்க எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன. அதில் இரண்டைத் தின்றது அரிசி மணி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு.

கணினி செத்துவிட்டால் ஹார்ட் டிஸ்க்கும் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. மாமாவின் பெட்டியில் போனது பவர் சப்ளை மட்டுந்தான். டிஸ்க்கைக் கழற்றி, ஒரு மாற்றி மூலம் வேறு கணினியின் யுஎஸ்பியில் செருகினால் கோப்புகளை எடுத்துவிடலாம்.

டிஸ்க்கைக் கழற்றுவதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மின்கம்பியைப் பிடுங்குங்கள், திருப்புளியால் நான்கு திருகு, அவ்வளவுதான். டிஸ்க்கின் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே ஒரு தூசு போனாலே கதை முடிந்தது.

அப்புறம் டிஸ்க்கின் பின்பக்கத்தைப் பாருங்கள். இணைப்பில் இரண்டு வகை உண்டு. இரண்டு வரிசையாக ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தால் ஐடிஇ. தட்டையாக, ஓரத்தில் மடிந்த இரண்டு இணைப்புகள் இருந்தால் சாட்டா. மடிக்கணினியின் 2.5 அங்குல சாட்டா டிஸ்க்குக்கு யுஎஸ்பி தரும் 5 வோல்ட் போதும். மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும். அதனால் சுவரில் செருகும் அடாப்டரோடு வரும் மாற்றியாகப் பார்த்து வாங்குங்கள். நான் சிம் லிம் ஸ்குவேரில் வாங்கியது ஐடிஇ, சாட்டா இரண்டுக்கும் பொருந்தும், 35 வெள்ளி. அடாப்டர் இல்லாத வெறும் கேபிள் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்கி ஏமாறாதீர்கள்.

சரி, என் இரண்டு மாலைகளைத் தின்ற இடத்துக்கு வருவோம். எல்லாவற்றையும் மாட்டினேன். டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்டது, விரலை வைத்தால் அதிர்வு தெரிந்தது. திரையில் மட்டும் ஒன்றுமே வரவில்லை. கேபிளை மாற்றினேன், வேறு மடிக்கணினியில் செருகினேன், மாற்றியே பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக இருந்தேன். கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தால், ஐடிஇ ஊசிகளுக்கும் பவர் இணைப்புக்கும் நடுவே சில குட்டி ஊசிகள். அவற்றில் இரண்டைச் சேர்த்து மூடிக்கொண்டு ஒரு ஜம்பர், அதுதான் அந்த அரிசி மணி அளவு பிளாஸ்டிக் துண்டு. அந்தக் காலத்தில் ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டுவார்கள், ஒன்று மாஸ்டர், மற்றொன்று ஸ்லேவ். மாமாவுடையது ஸ்லேவ் நிலையில் இருந்தது. என் மாற்றிக்கோ மாஸ்டர்தான் வேண்டும். எந்த ஊசியில் போடுவது என்று டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் தாளிலேயே படம் போட்டிருக்கும். சில டிஸ்க்குகளில் தனியாக இருந்தால் ஜம்பரே கூடாது என்று இருக்கும், படத்தை நம்புங்கள். மாமியின் சாமணத்தால் பிடுங்கி இடம் மாற்றினேன். அடுத்த நிமிடம் 40 ஜிபி டிஸ்க் திரையில் வந்து நின்றது.

இங்கே அவசரம் ஆகாது. 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். பழைய பயனர் கோப்புறையைத் திறந்தால் அனுமதி இல்லை என்று சொல்லி, 'கண்டினியூ' அழுத்தச் சொல்லும். அழுத்தினால் திறக்கும்தான், ஆனால் அந்தப் பழைய டிஸ்க்கில் அனுமதிகளை மாற்றி எழுதிக்கொண்டே போகும். கிழட்டு டிஸ்க்கில் எதையும் எழுதக் கூடாது என்பது என் கட்சி. அதனால் நான் விண்டோஸ் பக்கமே போவதில்லை. பென் டிரைவில் லினக்ஸ் மிண்ட் என்ற வேறொரு இயங்குதளத்தை ஏற்றி, அதிலிருந்து கணினியைக் கிளப்புகிறேன். அது அந்த அனுமதிகளைக் கண்டுகொள்ளாது. கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கு இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணினி என்றால் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' கோப்புறைக்குள் தேடுங்கள். பழைய அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மின்னஞ்சல்களும் அதற்குள்தான், மறைந்த கோப்புறையில் இருக்கும்.

'டக் டக்' என்று ஒரே சீராகத் தட்டும் சத்தம் கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். அது தொழில்முறை மீட்பகத்தின் வேலை. ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நம்மூர் ஈரக்காற்றில் வெளியே எடுத்த மாத்திரத்தில் வியர்த்துவிடும்.

சத்தம் இல்லை, ஆனால் நகலெடுக்கும்போது பாதியில் நிற்கிறதா? மறுபடி மறுபடி முயலாமல் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளால் முழு டிஸ்க்கையும் படியெடுங்கள். அது நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை படித்தது என்று குறித்துவைக்க மேப் கோப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டால், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அழிந்த படங்களைத் தேடும் ஃபோட்டோரெக் மென்பொருளை அந்தப் படியின் மேல் ஓட்டுங்கள். இலவசம்தான், கோப்புப் பெயர்கள் மட்டும் போய்விடும், எண்களாக வரும்.

பின்சேர்க்கை: ஒரு வாசகருக்குப் புதிய மடிக்கணினியின் டிஸ்க் 48 இலக்கச் சாவி கேட்டதாம். அது பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் வசதி. பெரும்பாலும் அவரவர் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்து வைத்திருக்கும், அங்கே பாருங்கள். சாவி இல்லாவிட்டால் எந்த மென்பொருளாலும் ஆகாது. இன்னொருவர் எஸ்எஸ்டியில், அதாவது சுழலும் தட்டில்லாத புதுவகை டிஸ்க்கில், அழித்ததை மீட்கக் கேட்டார். அழித்த இடத்தைக் காலியாக்கச் சொல்லும் டிரிம் ஓடியிருந்தால் கிடைப்பது அரிது.

இன்னும் ஒன்று, தமிழ்க் கோப்புகள். மாமாவின் நாடகத்தைத் திறந்தால் முக்கால் பின்னமும் சென்ட் குறியும் கொக்கி போட்ட எழுத்துகளுமாக வந்தது. பழுதாகிவிட்டதோ என்று ஒரு கணம் ஆடிப்போனேன். பழுதல்ல, இன்று எங்கும் உள்ள யூனிகோடு பரவுவதற்கு முந்தைய டிஸ்கி என்ற தமிழ் எழுத்துக் குறியீடு. இந்த மாதிரி குறியீட்டுக் குழப்பங்களைப் பேசத்தான் சிங்கப்பூர் எழுத்தாளரும் தமிழ் இணைய முன்னோடியுமான நா. கோவிந்தசாமி போன்றவர்கள் 1997இல் சிங்கப்பூரிலேயே மாநாடு கூட்டினார்கள். என்எச்எம் கன்வர்ட்டர் என்ற எழுத்து மாற்றும் மென்பொருளில் டிஸ்கியிலிருந்து யூனிகோடு என்று தேர்ந்து, உரையை ஒட்டினால் தமிழாகிவிடும்.

நாடகம் முழுசாக வந்தது, மூன்றாம் காட்சி தவிர. அது ஃபிளாப்பியில் இருக்கும் என்கிறார் மாமா. பாம் ஷெல்டரில் இன்னும் இரண்டு பெட்டி பாக்கி.